எதிர்வெயில்

"அந்தப் புகையை மட்டும் அழிச்சிடாதீங்க. அதையும் ரசிச்சுப் பார்க்க ஆள் வருவாங்க" என்றாள் மனைவி, குத்தலாக.

"அழிப்பேனா? படத்துக்கே அதுதானே உயிர்!" போட்டோகிராபர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது புகை இல்ல, பனி. இரு, கொஞ்சம் நீலம் சேர்க்கிறேன்."

சேர்த்தார். ஹால் ஜன்னலுக்கு எதிரே இரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருக்கும் குப்பைமேடு, திரையில் மூடுபனி தவழும் மலையாகிவிட்டது. அந்த வட்டாரத்தில் அவருக்குப் 'பனிமூட்டம்' என்றே பெயர். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மண்டபத்து ஜன்னலில் விழும் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் எதிர்வெயில் செய்ற வேலை. சூரியன் இறங்குறப்போ அதுக்கு நேரா கேமராவைப் பிடிச்சா, முன்னால இருக்கிறதெல்லாம் கறுப்பாயிடும். மலையா குப்பையான்னு எவனுக்கும் தெரியாது. ஒரு மின்கம்பம், ஒரு லாரி, நாலு நாய். அதையெல்லாம் துடைச்சாச்சு."

உள்ளறையில் ஏழு வயது மகள் இருமினாள். அவள் மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் ஹால் வரை கேட்டது. இந்தப் புகையில் குழந்தையை வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துப் பயனில்லை, முதலில் வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. இந்த வீட்டை விற்றால்தான் வேறு வீடு வாங்க முடியும். பார்க்க வந்தவர்களோ, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனார்கள்.

"வாங்குறவங்க வீட்டுலயும் ஒரு குழந்தை இருக்குமே. பாவமில்லையா?"

"நேர்ல வந்து பார்க்காம, படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கிற மடையனுக்கெல்லாம் நான் பொறுப்பா?"

அழைப்பு மணி அடித்தது. மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார் கேமரா ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கொஞ்ச நாளாக அவருக்கும் படமெடுக்கும் ஆசை.

"நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே எடுத்தேன் சார். பிரமாதமா வந்திருக்கு. பார்க்கறீங்களா?"

"அப்புறம் பார்க்கலாம், கொஞ்சம் வேலை" என்று பனிமூட்டம் கதவைச் சாத்தினார். அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

பத்தாவது நாள் தரகர் வந்தார், வாயெல்லாம் பல்லாக. மலையைப் பார்த்து ஒருவர் மயங்கிவிட்டார். இந்த வீட்டு விற்பனை முடிந்துவிட்டது. வாங்கியவர் பெயரைத் தரகர் சொல்லவில்லை. முன்பணமும் கையெழுத்தும் முடியும்வரை பெயரும் விலாசமும் அவர் வாயிலிருந்து வராது. வந்தால், அவரைக் கழற்றிவிட்டு இவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள் என்பது அவர் பட்டு அறிந்தது.

மனைவியைக் கலங்கடித்தது வேறு விஷயம். அதே தரகர் மூலம் பனிமூட்டமும் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்.

"நீங்களும் நேர்ல பார்க்கலையா?"

"நாலு பேர் போட்டி போடறாங்களாம், பார்க்க ஏது நேரம்? இதைப் பாரு." போனை நீட்டினார். விடியற்காலை ஏரி. தங்கத் தகடு போலத் தண்ணீர். நடுவில், பனிக்குள் கறுப்பாக ஒற்றைப் படகு. "சமையலறை ஜன்னல்ல நின்னா இப்படித்தான் தெரியுமாம். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பொய்ப் படம்னா என் கண்ணுக்குத் தப்புமா?"

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இந்தப் படகுல போலாமா?"

"தினமும் போலாம்டா கண்ணு" என்றார். அந்தத் தண்ணீர் பக்கத்துக் காற்று அவள் நெஞ்சுக்குள் போவதை நினைத்துப் பார்த்துவிட்டார்.

தரகர் ஓர் உறையை மேஜைமேல் வைத்தார். "விலாசம் இதுல இருக்கு சார். ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆயாச்சு. இனி மாத்தினா முன்பணம் திரும்ப வராது. ஒரு நல்ல விஷயம், சாமான் ஏத்த லாரியே வேண்டாம்."

"அவ்வளவு பக்கமா?"

"பக்கம்தான் சார்" என்றவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

பனிமூட்டம் உறையைப் பிரித்துப் படித்தார். முகம் சுருங்கியது. "லூசுப் பய! நம்ம வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்துட்டுப் போறான் பாரு. அதே தெரு, அதே கட்டடம்…"

மனைவி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நாம இருக்கிறது முதல் மாடிங்க. இதுல ரெண்டாவது மாடின்னு போட்டிருக்கு."

அவள் சமையலறைக்குப் போய், கொசுவுக்கும் நாற்றத்துக்கும் பயந்து இரண்டு வருஷமாகச் சாத்தியே வைத்திருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பின்னால் வந்து நின்ற பனிமூட்டமும் பார்த்தார். கீழே, நுரை தள்ளும் சாக்கடைக் குட்டையின் நடுவே, யாரோ எறிந்த உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று பாதி முங்கி மிதந்துகொண்டிருந்தது.

உள்ளே மகள் மறுபடி இருமினாள்.

மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கிவரும் சத்தம். கதவைத் திறந்தால் கணக்கு வாத்தியார் மூச்சிரைக்க நின்றிருந்தார்: ஒரு கையில் தரகர் கொடுத்த உறை, இன்னொரு கையில் மூடுபனி தவழும் மலையின் படம்.