வெள்ளிப் பல்லும் கச்சிப் பறவையும்

ஜொன்ஜு நகரத்துப் பல் கிளினிக்கில் வட்ட விளக்கு பளீரென்று எரிகிறது. அதன் கீழே, சாய்வு நாற்காலியில், ஐந்து வயது டாவோன் பசை போட்டு ஒட்டினாற்போல் உதட்டை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். "வாயைத் திறடி கண்ணு" என்று கெஞ்சிக் கெஞ்சியே அவள் அம்மா சொன்ஹ்வாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சொத்தைக் கடைவாய்ப்பல்லுக்குப் போடும் உறைகள் இரண்டை டாக்டர் பியோ உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார்; ஒன்று சோளமணி போல வெள்ளை, இன்னொன்று குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் வெள்ளி நிறம். "வெள்ளைக்குப் பல்லை நிறைய ராவணும்மா. ஸ்டீலுக்குக் கொஞ்சம் ராவினாப் போதும், கெட்டியாவும் நிக்கும். எப்படியும் விழப்போற பால்பல்லுதானே" என்கிறார். "சிரிச்சா எவர்சில்வர் சட்டி மாதிரி மின்னுமே டாக்டர்! சொந்தக்காரங்க என்னைத்தானே கேப்பாங்க? வெள்ளையே போடுங்க" என்கிறாள் சொன்ஹ்வா. அப்போதுதான் நாற்காலியிலிருந்து குரல் வருகிறது. "பல்லு விழுந்தா கூரை மேல எறிவோமே, கச்சிப் பறவை அதை எடுத்துக்கிட்டுப் புதுப்பல் குடுக்குமே, அதுக்குப் பளபளன்னு இருந்தாத்தானேம்மா பிடிக்கும்? எனக்கு வெள்ளிதான் வேணும்." முகக்கவசத்துக்குள் டாக்டர் சிரிப்பது கண்ணில் தெரிகிறது. சொன்ஹ்வா பெருமூச்சு விட்டு, "சரி, அதையே போட்டுத் தொலைங்க" என்கிறாள். டாவோன் வாயை ஆவென்று பிளக்கிறாள். விரலை விட்டுச் சொத்தையைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு ஒரு குறையுமில்லாத பக்கத்துப் பல்லை, அதற்கடுத்ததை, முன்பல்லை. "இதுக்கும் வெள்ளி, இதுக்கும், இதுக்கும்..."

"வாயை மூடுடி!" என்கிறாள் சொன்ஹ்வா.