பெயரில் ஓர் இடைவெளி

சன்னல் வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. எழுத்துரு வரைபவர், அச்சகக்காரர் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் அவரே வரைந்து இழைத்த, பாதம் போன்ற சின்னக் கோடு. “பொண்ணு பேர்ல மட்டும் ரெண்டு எழுத்து தள்ளி நிக்குது சார். உங்க எழுத்துதான் வேணும்னு அந்தப் பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது,” என்கிறார் அச்சகக்காரர். அந்தப் பொண்ணு எழுத்துரு வரைபவரின் மகள்; அவளுக்குக் கல்யாணம் என்பதே இவருக்கு இந்தத் தாளில்தான் தெரிகிறது. பெற்றோர் வரியில் அவள் அம்மா பெயர் மட்டும் இருக்கிறது. ஒன்பது வருடமாகக் கூப்பிடாத மகளின் பெயரில், விலகிய எழுத்தை மயிரிழை அளவு நெருக்கச் சொல்லிப் பென்சிலால் குறிக்கிறார். “வேற திருத்தம் ஏதாவது இருக்கா சார்?” பென்சில் முனை பெற்றோர் வரியின் மேல் சற்று நேரம் நிற்கிறது. “இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”