அம்மாவிடம் விட்டுவந்த சிம்

ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்கும் பருவம் முடிந்து தொழிலாளர் விடுதி காலியாகிக்கொண்டிருந்தது. ஏலிஷுக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டும். பணம் ஊரில், அயர்லாந்து வங்கியில் இருந்தது. அதை எடுக்க ஓடிபி வேண்டும். அது வந்துசேரும் பழைய சிம்மை, வெளிநாடு வரும் எல்லோரையும்போல, அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள்.

“வந்துச்சாம்மா?”

“இல்லடி கண்ணு. இந்த மலையில அந்த சிம்முக்கு சிக்னல் எங்க இருக்கு? உங்கப்பன் பக்கத்துல நின்னு கத்தினாலே எனக்குக் கேக்காது.”

ஒரு வாரமாக இதே பதில். கடைசியில் வங்கியை அழைத்துக் கத்தினாள்.

“ஒவ்வொரு தடவையும் அந்த போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, மேடம்,” என்றாள் அங்கிருந்த பெண்.

ஏலிஷ் மறுபடி அம்மாவை அழைத்தாள். “வந்த ஓடிபியையெல்லாம் என்ன பண்ணினே?”

“அழிச்சுட்டேன்.”

“நான் இங்கேயே கிடந்து சாகணுமா? வீட்டு ஞாபகமா இருக்குன்னுதானே வரேன்னேன்!”

“வீட்டு ஞாபகமா?” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “உன்னோட ஃபின்டன் வாசல்ல நிக்கிறான். நீ வர்றதா அவனுக்குச் சொன்னியாமே, எந்த ஃபிளைட்னு கேக்கறான். திருந்திட்டானாம். கையில பூ வேற. உன் தாடையை உடைச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டுவந்தானே, அதே மாதிரி.”



“பசிச்சா கேளு, பணம் அனுப்புறேன்,” என்றாள் அம்மா. “டிக்கெட்டுக்கு மட்டும் கேக்காதே.”