பொய் சொல்லாத மெஷின்

“இந்த பஸ் டிரைவர் ரத்தம் மட்டும் ஏன்டி இப்படி வருது?”

சீனியர் அக்கா ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா. ரத்தத்தை மெஷின்ல சுத்தி எடுத்தா, மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணி இளமஞ்சளா இருக்கணும். இது ரோஸ் கலர்.

“மறுபடியுமா!” பட்டாசு நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தா.

ஆராய்ச்சி மாணவி. அவ வாய்க்கு லேப்ல வச்ச பேரு அது. வயித்துல கேன்சர் வந்து ஆபரேஷன் ஆனவங்க இனிமே எப்படி இருப்பாங்கன்னு, ரத்தத்துல மிதக்கிற மூலக்கூறுகளை வச்சு முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் அவ ஆராய்ச்சி. சிவப்பணு உடைஞ்சு கலந்துட்டா எல்லாம் பாழ்.

“உன் மெஷின் வேகமாச் சுத்துதோ என்னமோ…”

“மத்தவங்க ரத்தமும் இதுலதானேக்கா சுத்துச்சு? மனுஷங்க பொய் சொல்வாங்க. என் மெஷின் சொல்லாது.”

அடுத்த வாரம் ரிடையர்டு பஸ் டிரைவர் வந்தப்போ, ரத்தம் எடுக்கிற ரூமுக்கே கிளம்பிட்டா.

வெளியே பெஞ்சுல அவரோட பொண்ணு. காதுல இயர்போன், கண்ணு போன்ல.

‘அப்பனுக்கு உள்ள ஊசி, மகளுக்கு இங்க பாட்டு. நல்லா இருக்கு!’

பட்டாசு உள்ளே போய் மறைப்புக்குப் பின்னாடி நின்னா.

நர்ஸ் பதமா ரத்தம் எடுத்து, ட்யூபை ஸ்டாண்டுல வச்சுட்டு, பஞ்சு எடுக்கத் திரும்பினாங்க. அவ்ளோதான். மனுஷன் லபக்குனு ட்யூபை எடுத்து, இருமல் மருந்து பாட்டில் மாதிரி குலுக்கக் கையை ஓங்கினாரு.

பாஞ்சு கையைப் பிடிச்சா.

“பெரியவரே! என்ன வேலை இது?”

“கத்தாத பாப்பா. வெளிய கேக்கும்.”

“கேக்கட்டும்! வாராவாரம் என் உழைப்பைக் குலுக்கிக் குப்பைல போட்டது நீங்கதானா?”

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

“ரத்தம் நல்லா இருந்தா ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்ற. கெட்டுப்போனா அடுத்த வாரமே வரச் சொல்ற. குலுக்கினா கெட்டுடும்னு நர்ஸ் சொன்னாங்க.”

“அதனால?”

“என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகல பாப்பா. வீம்பு. அதுலேருந்து பேச்சு கிடையாது. வெறும் வயித்துல வர்றவங்க கூட ஆள் வேணும்னு நீ கண்டிஷன் போட்ட பாரு, அதுக்குத்தான் வந்தா. ஆறு மாசம் நான் தாங்குவேனான்னு உன் டெஸ்டுக்குத்தானே வெளிச்சம்?”

“இது இன்னும் ஆராய்ச்சிதான். உங்க ஒருத்தருக்குன்னு எதுவும் சொல்ல முடியாது.” பட்டாசு குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. அதுக்காகக் கோபம் போயிடுமா? குலுக்காத ட்யூபைக் கையில பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு வெளியே வந்தா.

“மேடம்! உங்கப்பா உள்ள என்ன பண்றாருன்னு தெரியுமா? போன்லேருந்து தலையைத் தூக்கினாத்தானே தெரியும்!”

பொண்ணு இயர்போனைக் கழட்டினா.

“ட்யூபைக் குலுக்குறாரு. கதவு இடுக்குல தெரியுதே.”

பட்டாசுக்குத் திரி நமுத்துப் போச்சு.

“தெரிஞ்சேவா சும்மா இருந்தீங்க?”

“நான் பார்த்தா நிறுத்திடுவாரு. அதான் போனைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். இதுல பாட்டு கூட ஓடல.” கண்ணு ட்யூப் மேல போச்சு. “இன்னிக்குக் குலுக்கலையா?”

“இல்ல.”

“அப்போ… ஆறு மாசம் கழிச்சுதானா? இத்தனை வாரமா கார்ல வாயே திறக்கல. இன்னிக்குத்தான் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாரு மேடம். அவரே வெறும் வயித்தோட வந்துட்டு, என்னைக் கேட்டாரு.”

சட்டைக் கையை இறக்கி விட்டுக்கிட்டே பெரியவர் வெளியே வந்தாரு. மாட்டிக்கிட்ட திருடன் முழி. அப்பா முகம், பொண்ணு முகம், ரெண்டும் பட்டாசு வாயையே பார்த்துச்சு.

அவ ட்யூபைச் சாயாம, அலுங்காம, கோட்டுப் பாக்கெட்டுல நிறுத்தி வச்சா.

“அடுத்த வாரமும் ரெண்டு பேரும் வந்துடுங்க,”ன்னா. “உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லீங்க. என் மெஷின்தான் பொய் சொல்லுது.”