ஜனாதிபதி பேசுவதற்கு முன்

காப்பகத்தின் ஒலிப்பதிவு அறையில், ஜன்னல் வெயில் மேசையைத் தொடும் இடத்தில், பழைய டேப் ஒன்றை இயந்திரத்தில் மாட்டுகிறார் ஊழியர். எதிரே, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, இறந்துபோன ஒலிப்பதிவாளரின் மனைவி. ஜனாதிபதி பேசிய கூட்டங்களுக்கெல்லாம் மைக் வைத்தவர் அவள் கணவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மைக்கைச் சோதிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, வீட்டுக்காரியைத்தான் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூட வேலை செய்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "மத்த டேப்புலயும் அவர் குரல் இருக்குமா தம்பி?" ஊழியர் கழுத்தைச் சொறிகிறார். "இல்ல அண்ணி. ஜனாதிபதி பேச்சு மட்டும் போதும்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்ததையெல்லாம் வெட்டித் தூக்கிப் போட்டாச்சு. இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு." ஜனாதிபதியின் இருமல்கள்கூட அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவள் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். சுருள் சுழல்கிறது. இயந்திரத்தின் சின்ன ஸ்பீக்கரிலும் சன்னமாகக் கேட்கிறது: நாற்காலிகள் இழுபடும் ஓசை, காற்று, மைக்கில் ஒரு விரல் தட்டும் சத்தம். பிறகு அவர். "சிட்டு, கேக்குதா?" ஹெட்ஃபோன் மாட்டியவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. "கேக்குதுங்க, சொல்லுங்க!" மற்ற மேசைகளில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் அடுத்துச் சொல்லப்போவதற்காகக் காத்திருக்கிறாள். டேப்பில் கைதட்டல் எழுகிறது. ஜனாதிபதி பேசத் தொடங்குகிறார்.