பூதக்கண்ணாடி

"அக்கா, அந்த ஆளு ஒன்பதாவது தடவையா திருப்பி அனுப்பிட்டான்!" என்று கத்தினான் தம்பி.

இலவசத் தேடல் சர்வர் ஒன்றை, கணினியில் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜ் செய்திருந்தான். ஆறு மாத உழைப்பு. அதைச் சரிபார்த்து லினக்ஸின் பொது மென்பொருள் தொகுப்பில் சேர்க்க வேண்டியவர், இணையத்தில் 'பூதக்கண்ணாடி' என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவர்.

"இப்ப என்னவாம்?"

"உள்ள இருக்கிற ஒரு ஐகானுக்கு லைசன்ஸ் ஃபைல் வைக்கலையாம். நாலாயிரம் ஃபைல்ல ஒண்ணு!"

"சரி, முதல்ல சட்டையை மாத்து. ஆறு மணிக்கு அங்க இருக்கணும்."

"இரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

விசைப்பலகை அதிரத் தட்டினான். 'ஐயா, உங்களுக்குப் பெண் இருந்தால், மருமகனாக வரப்போகிறவன் ரொம்பப் பாவம்!' அனுப்பியதும் மனசு லேசாயிற்று.

சரியாக ஆறு மணிக்குக் காதலியின் வீட்டு ஹாலில், பெண் கேட்பதற்காக அவளுடைய அப்பாவுக்கு எதிரே அக்காவோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"லினக்ஸுக்கு ஒரு தேடல் சர்வரை பேக்கேஜ் பண்றேன் சார்" என்றான் பெருமையாக.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மடிக்கணினியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். அவன் கடைசியாக அனுப்பிய வரி திரையில் இருந்தது.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாவம்தான்" என்றார் அவர். "பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு, கல்யாணத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா மாப்பிள்ளை, அந்த லைசன்ஸ் ஃபைல் வராம பேக்கேஜ் உள்ள வராது!"