இரண்டு முறை படித்தவர்

அசுன்சியோன் நகரில் கைக்காசைப் போட்டுப் புத்தகம் அச்சடிக்கும் எழுத்தாளர்களுக்கெல்லாம் டோன் எலாடியோ பிரிசுவேலாதான் கண்கண்ட தெய்வம். பெரிய பத்திரிகைகள் ஏறெடுத்தும் பார்க்காத நூல்களுக்கு வாரம் ஐந்து மதிப்புரை எழுதுவார். ஒவ்வொன்றின் கீழும் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘எதையும் இரண்டு முறை முழுதாகப் படிக்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.’ அந்த வரிக்காகத்தான் வருகிற சனிக்கிழமை சிறு பதிப்பாளர் சங்கம் அவருக்குப் பதக்கம் அணிவிக்கிறது.

உண்மையில் அவர் படிப்பது பின்னட்டையை மட்டும். அதையும் ஒரே முறை.

வியாழன் காலை, ஐஸ் மிதக்கும் மூலிகைத் தேநீரான தெரெரேயை உறிஞ்சியபடி ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே ஐம்பது வயதுப் பெண்மணி. மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கையில் குறிப்பேடு, சிரிப்பு மறந்த முகம். போலீஸ் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

“டோன் எலாடியோ, இது ஞாபகமிருக்கா?”

பிளாஸ்டிக் பையில் சாட்சிப் பொருளைப் போல வைத்து ஒட்டப்பட்டிருந்தது, ‘எங்கள் வீட்டு மாமரம்’. தெருவில் பொறுக்கிய அட்டைப்பெட்டியை வெட்டி, கையால் வண்ணம் தீட்டிச் செய்யும் கார்தோனேரா நூல். முன்னட்டையில் கறுப்பாக ஒரு மரம், அதனடியில் சிவப்புச் சிவப்பாகச் சொட்டுகள். பின்னட்டையில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மதிப்புரை எழுத அன்று மனிதர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

“ஞாபகம் இல்லாம என்ன அம்மணி! ரெண்டு தடவை படிச்சேனே.”

“‘பக்கத்துக்குப் பக்கம் மரணத்தின் நிழல். ஆசிரியை எதையும் மறைக்கவில்லை.’ நீங்க எழுதினதுதானே?”

“சாட்சாத் நான்தான்.”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க. முப்பத்தோராம் பக்கத்துல, இதை எழுதினவ தன் புருஷனுக்குத் தெரெரேயில களைக்கொல்லி கலந்து கொடுக்கறா. அடுத்த பக்கத்துல மாமரத்தடியில புதைக்கறா. பேரு, ஊரு, தேதி எல்லாம் நிஜம்.”

டோன் எலாடியோ கையிலிருந்த குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

“நேத்து அங்கே தோண்டிட்டாங்க. நீங்க மார்ச் மாசமே ரெண்டு தடவை படிச்சிருக்கீங்க. கொலைன்னு தெரிஞ்சும் ஏழு மாசமா வாயைத் திறக்கலை. இதுக்கு என்ன தண்டனைன்னு நல்ல வக்கீலாப் பார்த்துக் கேளுங்க.”

“ஐயோ, நான் அதைக் கற்பனைன்னு…”

“‘கற்பனை கலக்காத உண்மை’ன்னு முடிச்சிருக்கீங்களே?”

எல்லாப் புத்தகத்துக்கும் அவர் அப்படித்தான் முடிப்பார். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பதக்கம் போகும். சொல்லாவிட்டால் சிறை. சிறையில் பதக்கம் குத்திக்கொள்ள விடமாட்டார்கள் என்பது உறைத்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மணி, நமக்குள்ள இருக்கட்டும். நான் அதைப் படிக்கவே இல்லை.”

“எத்தனை பக்கம் படிக்கலை?”

“ஒரு பக்கம்கூட. அட்டையைப் பார்த்தேன், எழுதினேன். சத்தியமா அவ்வளவுதான்.”

“நம்பற மாதிரி சொல்லுங்க. இவ்வளவு பெரிய மனுஷர் படிக்காமலா எழுதுவாரு?”

“இது மட்டுமில்லை அம்மணி, பன்னிரண்டு வருஷமா எதையுமே படிச்சதில்லை!”

தன் நேர்மையை யாராவது நம்பவேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவித்தார்.

“அப்போ அதையே உங்க கையால எழுதிக் கொடுத்துடுங்க.”

குறிப்பேட்டில் எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிழை ஏதும் இருந்துவிடப் போகிறதே என்று இரண்டு முறை படித்தும் பார்த்தார்.

போன உயிர் திரும்பியதும் வம்பு எட்டிப் பார்த்தது.

“ஆமா, இதை எழுதின பொம்பளையைப் பிடிச்சாச்சா?”

“எதிர்லதான் நிக்கறேன், டோன் எலாடியோ. சனிக்கிழமை கூட்டத்துல இந்தச் சீட்டை வாசிக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க” என்ற அந்த அம்மாள், பையைக் கிழித்து, புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தார்.

அங்கே கணவனும் இல்லை, களைக்கொல்லியும் இல்லை. மற்ற நாற்பத்தேழு பக்கங்களையும் போலவே மாம்பழ ஜாம் செய்முறைதான் இருந்தது.